பட்டு ஸ்கார்ஃபில் பழைய நகர வரைபடம்: எந்தக் குறை எங்கிருந்து வருகிறது?

பூப்போட்ட ஸ்கார்ஃபில் ஒரு இதழ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நகர வரைபடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தெரு நேராக ஓட வேண்டும், வட்டம் வட்டமாக நிற்க வேண்டும், ஆற்றின் பெயர் படிக்க வர வேண்டும். வாங்குபவர் அந்த ஊரில் வாழ்ந்தவர் என்றால் இன்னும் வம்பு. தன் தெருவைத் தேடி மூக்கைத் துணியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்.

குறை கண்ணில் பட்டதும் எல்லோரும் முதலில் போன் போடுவது பிரிண்டிங் யூனிட்டுக்கு. பாதி நேரம் தப்பு அங்கே இல்லை. ஃபைலிலோ, துணியிலோ, சாயத்தைப் பிடிக்கவைக்கும் நீராவியிலோ, ஓரம் அடித்த கையிலோ இருக்கும். எந்தக் கட்டத்தில் பிறந்த குறை என்று தெரியாமல் சண்டை போட்டால் அடுத்த லாட்டிலும் அதே குறைதான் வரும்.

இங்கே பேசுவது 90 செ.மீ. சதுர ஸ்கார்ஃப் பற்றி. 1937இல் ஹெர்மெஸ் தன் முதல் பட்டுச் சதுரத்தைக் கொண்டுவந்தது, 90 செ.மீ. சதுரம் இன்றும் பலருக்கு வாய்ப்பாடு மாதிரி. அச்சு டிஜிட்டல் இங்க்ஜெட். மை ஆசிட் டை அல்லது ரியாக்டிவ் டை, இரண்டுமே இழைக்குள் போய்ப் பிடிக்கும் சாயங்கள். ஸ்க்ரீன் பிரிண்டுக்குச் சில காரணங்கள் மாறும்.

போன் எடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: குறை பின்னாலும் தெரிந்தால் துணியோ நீராவியோ காரணம், முன்பக்கம் மட்டும் என்றால் ஃபைலோ மெஷினோ. அடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளங்கள். கடைசியாக, நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியை அடர்த்தியான ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள்.

தெருப் பெயர்கள் படிக்க முடியவில்லை

இதுதான் புகார்களின் ராஜா. காரணம் ஒன்றல்ல, நான்கு. இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் கணக்கு. 1748இல் ஜாம்பத்திஸ்தா நொல்லி வெளியிட்ட ரோம் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 12 செப்புத் தகடுகளில் வெட்டியது. சேர்த்துவைத்தால் நீண்ட பக்கம் சுமார் 208 செ.மீ. அதை முழுசாக 90 செ.மீ.க்குள் அடக்கினால் எல்லாமே 43 சதவீதமாகச் சுருங்கும். மூலத்தில் 2 மி.மீ. உயரமுள்ள எழுத்து 0.9 மி.மீ.க்கும் கீழே போய்விடும். பாரிசின் துர்கோ வரைபடம் இன்னும் பெரியது: 1739இல் வந்த 20 தாள்கள், சேர்த்தால் அகலம் மூன்று மீட்டருக்கு மேல். அதைச் சதுரத்துக்குள் திணித்தால் கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். பட்டில் என் அளவுகோல் இது: எழுத்து உயரம் 2 மி.மீ., கோட்டுத் தடிமன் 0.3 மி.மீ.; இவற்றுக்குக் கீழே போனதை நம்ப வேண்டாம். அதைவிடச் சின்னது ட்வில்லில் (சாய்வரி விழும்படி நெய்த பட்டு) சில இடத்தில் வரும், சில இடத்தில் வராது. அப்படித் திட்டுத் திட்டாய் வருவது சுத்தமாக வராததைவிட அசிங்கம்.

தீர்வு, முழு ஊரையும் போடும் ஆசையை விடுவது. நொல்லியில் பியாத்சா நவோனாவையும் பாந்தியனையும் சுற்றிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தால் 90 செ.மீ. தாராளமாகப் போதும். தேவாலயங்களின் உள்ளறைகளைக்கூடத் தெருவைப் போல வெள்ளையாகத் திறந்துகாட்டியவர் நொல்லி. அந்த அழகு தெரிய வேண்டுமானால் பெரிதாகத்தான் காட்ட வேண்டும். முழு ஊர்தான் வேண்டும் என்றால் சின்ன எழுத்துகளை ஃபைலிலேயே துடைத்துவிட்டு, ஆறு, கோட்டைச் சுவர், பெரிய சதுக்கங்களின் பெயர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நொல்லி 1320 இடங்களுக்கு எண் போட்டு அட்டவணை தனியாகக் கொடுத்தவர். அட்டவணை இல்லாத ஸ்கார்ஃபில் அந்த எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். அவற்றை எடுப்பது மூலத்துக்குத் துரோகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கணக்கு சரியாக இருந்தும் மங்கலா? அப்போது ஸ்கேன். 90 செ.மீ. என்பது 35.4 அங்குலம், 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) வேண்டுமானால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 7,100 பிக்சல் தேவை. வெட்டியெடுத்த பகுதியில் 2,500 பிக்சல்தான் இருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது 70 டிபிஐ. மென்பொருளில் பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் கூர்மையாகத் தெரியும். ஆனால் எழுத்தைத் தானாக ஊகித்து வரைந்துவிடும். இப்போதைய ஏஐ பெரிதாக்கிகள் இதில் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றும்: இல்லாத மொழியில் அழகான தெருப் பெயர்கள் கிடைக்கும். பெரிதாக்கிய ஃபைலை மூலத்தோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். பெரிய நூலகங்களின் தளங்களில் உயர் தெளிவு ஸ்கேன் கிடைக்கும். ஆனால் வரைபடத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்திருந்தாலும் ஸ்கேனுக்குத் தனி நிபந்தனை இருக்கலாம். டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பின் பல ஸ்கேன்கள் வணிகமல்லாத பயன்பாட்டு உரிமத்தில் வருபவை. விற்கப் போகிறவர் அதைப் படித்துவிட்டுப் பதிவிறக்கட்டும்.

ஸ்கேனை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிக்கூட்டங்களாகத் தெரிகிறதா? யாரோ மூலத்திலிருந்து எடுக்காமல் புத்தகத்தில் அச்சான படத்தை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். செப்புத் தகட்டு அச்சில் அந்தப் புள்ளி இருக்காது. இந்தப் புள்ளிகளும் ட்வில்லின் சாய்வரியும் மோதினால் துணி முழுக்க அலையலையாக ஒரு நிழல் ஓடும். ஃபைலைச் சுத்தம் செய்வதைவிட வேறு ஸ்கேன் தேடுவது லாபம்.

கடைசிக் காரணம் துணி. ஷிஃபானில் வரைபடம் போடவே வேண்டாம்; பின்னால் இருப்பதெல்லாம் ஊடுருவித் தெரியும், எழுத்து காற்றில் மிதக்கும். க்ரேப் டி ஷீனின் மேற்பரப்பு நறநறவென்று இருப்பதால் மெல்லிய கோட்டை விழுங்கும். ஹபோட்டாய் வழவழப்பு, கோடு நன்றாக விழும், ஆனால் 8 மொம்மி எடையில் ஸ்கார்ஃபுக்குரிய கனம் இருக்காது. எனக்குப் பிடித்தது 14 அல்லது 16 மொம்மி ட்வில். ஒரு மொம்மி என்றால் சதுர மீட்டருக்கு 4.34 கிராம், ஆக 14 மொம்மி சுமார் 61 கிராம். ட்வில்லிலும் ஒரு சிக்கல் உண்டு: நெசவின் சாய்வரிக்கு இணையாக ஓடும் மெல்லிய தெருக்கள் படிக்கட்டு மாதிரி உடையும் அல்லது காணாமல் போகும். ஊரின் ஒரு திசைத் தெருக்கள் மட்டும் மங்கலாக இருந்தால் இதுதான். வரைபடத்தைச் சில டிகிரி சாய்த்து ஒரு சாம்பிள் போட்டுப் பாருங்கள்.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிசிறு

பழைய வரைபடத்தின் கறுப்பு, ஸ்கேனில் கறுப்பாக இருக்காது. அடர் பழுப்பாக இருக்கும். ஃபைலை மெஷினுக்குப் புரியும் மை அளவுகளாக மாற்றும் ரிப் மென்பொருள் அந்தப் பழுப்பை நான்கைந்து மைகளைக் கலந்து உருவாக்கும். மை தெளிக்கும் ஹெட்டுகள் முடிஅளவு விலகியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டை நிழல் விழும். யூனிட்டில் ஹெட் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லலாம், செய்வார்கள், அடுத்த வாரம் மறுபடி விலகும்.

நிரந்தர மருந்து ஃபைலில் இருக்கிறது. கோடுகளையும் எழுத்துகளையும் தனி லேயராகப் பிரித்து, அந்த லேயருக்கு ஒரே மை மட்டும் போகும்படி அமையுங்கள். கறுப்பு மையாகவே இருக்கட்டும். செப்பியா சாயல் வேண்டும் என்றால் கோட்டில் தேடாதீர்கள், அடித்தளத்தின் இளமஞ்சளில் ஏற்றிக்கொள்ளுங்கள். மஞ்சள்மேல் விழும் தூய கறுப்பு, கண்ணுக்குப் பழைய மையாகவே தெரியும்.

கோடு பரவி ஊறியிருக்கிறது

மேலே சொன்ன மங்கல் வேறு, இது வேறு. பூதக்கண்ணாடி வைத்து ஊறல் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.

நூலோடு நூலாக, கம்பளிப்பூச்சிக்குக் கால் முளைத்த மாதிரி கோட்டிலிருந்து இழைகள் நீண்டால், அச்சுக்கு முன் துணிக்குப் போட்ட பூச்சு போதவில்லை. டிஜிட்டல் அச்சுக்குப் போகும் பட்டில் ஆல்ஜினேட் போன்ற பசையும் யூரியாவும் ஏற்றியிருக்க வேண்டும்; மையை விழுந்த இடத்தில் பிடித்துவைப்பது அந்தப் பசைதான். ஏற்றிய பின் துணியை மழைக்காலத்தில் பிரித்துப் போட்டுவைத்தால் யூரியா ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பசை இருந்தும் பயனில்லை. பூச்சு போட்ட தேதி என்ன, பிளாஸ்டிக்கில் சுற்றிவைத்தார்களா என்று கேளுங்கள்.

ஊறல் வட்டமாக, ஓரத்தில் வளையத்தோடு, அங்கங்கே மட்டும் இருந்தால் நீராவிப் பெட்டியின் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர். பின்பக்கமும் அதே இடத்தில் தெரியும். துணிச் சுருளின் மேல் கெட்டியான போர்வை போடாததுதான் காரணம். இதற்கு யூனிட்டைத் தாராளமாகக் கோபிக்கலாம்.

எல்லா இடமும் ஒரே சீராகக் கசிந்து, அடர்த்தியான கட்டட நிழல்களில் மோசமாக இருந்தால் மை அதிகம். மை அளவைக் குறைத்து மறுபடி ஒரு சாம்பிள்.

பட்டில் வரைபடம் ஊறுவது புதுத் தலைவலி இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் எம்ஐ9 பிரிவு, எதிரி மண்ணில் விழும் விமானிகள் தப்பிவர பட்டுத் துணியில் வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தது. கசக்கினாலும் சலசலக்காது, நனைந்தாலும் கிழியாது, மேலங்கியின் உள்புறத்தில் தைத்துவைக்கலாம். அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட கிறிஸ்டோஃபர் கிளேட்டன் ஹட்டனுக்கு முதலில் கிடைத்தது மை ஓடிய கந்தல்தான். பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினை மையில் கலந்த பிறகே கோடு நின்றது. ஜாம் கெட்டியாவதும் அதே பெக்டினால்தான். இன்றைய ஆல்ஜினேட் செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுவே.

ஊறிய துணியைத் திருத்த வழியில்லை. சாயம் பட்டு இழைக்குள் போய்விட்டது. ஸ்கார்ஃபாக விற்காமல் பைக்கு உள்துணியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சீரான இடைவெளியில் வெள்ளைக் கோடுகள்

துணியின் குறுக்கே, ஊடைத் திசையில், ஒரே இடைவெளியில் வந்தால் அடைத்த நாசில் (மை வரும் துளை) அல்லது துணி நகரும் அளவில் பிழை. ஐந்து நிமிட வேலை. நீளவாக்கில் ஒரே ஒரு கோடு என்றால் அச்சிடும்போது துணியில் மடிப்பு விழுந்திருக்கிறது. மடிப்பை விரித்தால் தெருக்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். குறுக்கே வந்தாலும் இடைவெளி தாறுமாறாக, அச்சில்லாத ஓரத்திலும் தொடர்ந்தால் நெசவுக் குறை. துணி விற்றவரிடம் போக வேண்டியது.

வட்டம் முட்டையாகிவிட்டது, சதுரம் சாய்ந்துவிட்டது

திசைகாட்டி வட்டத்தை, நொல்லி என்றால் பாந்தியனின் உள்வட்டத்தை, அளந்தால் போதும். பாவுத் திசையில் (துணியின் நீளவாக்கில்) குறைவாகவும் ஊடைத் திசையில் சரியாகவும் இருந்தால் துணி சுருங்கியிருக்கிறது. பட்டு நெய்யும்போதும் மெஷினில் ஓடும்போதும் பாவு இழுபட்டே இருக்கும். நீராவியும் தண்ணீரும் பட்டதும் இளைப்பாறிச் சுருங்கும். க்ரேப் வகைகள் ட்வில்லைவிட அதிகம் சுருங்கும்.

துணி மாற்றும்போதெல்லாம் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அச்சிட்டு, நீராவி, அலசல், இஸ்திரி எல்லாம் முடிந்த பிறகு அளங்கள். பாவுப் பக்கம் 48.5 ஆகியிருந்தால், 50ஐ 48.5ஆல் வகுத்தால் 1.031. ஃபைலைப் பாவுத் திசையில் மட்டும் 103.1 சதவீதம் நீட்டி அனுப்புங்கள். 90 செ.மீ. வேண்டிய இடத்தில் 92.8 அச்சாகும், முடிவில் 90க்கு வந்து நிற்கும். இரண்டு திசையையும் ஒரே அளவில் நீட்டுகிறவர்கள் உண்டு. அப்போது முட்டை பெரிய முட்டையாகும்.

சாய்வு வேறு விஷயம். 90 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 127.3 செ.மீ. இரண்டு மூலைவிட்டங்களுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் துணி மெஷினில் கோணலாக ஏறியிருக்கிறது. தைப்பதற்கு முன் என்றால் நனைத்து, குட்டையான மூலைவிட்டத்தைப் பிடித்து மெதுவாக இழுத்து, துணி போர்த்திய மேசையில் ஊசி குத்திக் காயவைத்தால் ஓரளவு திரும்பும். அடுத்த அலசலில் மீண்டும் சாயலாம் என்பதால் வித்தியாசம் பெரிதென்றால் திருப்பி அனுப்புவதே மேல். வெட்டும்போது நூலைப் பார்த்து வெட்டுவதா, அச்சைப் பார்த்து வெட்டுவதா என்ற கேள்வி வரும். பூ டிசைன் என்றால் நூல். வரைபடம் என்றால், வித்தியாசம் ஒரு செ.மீ.க்குள் இருக்கும்வரை, அச்சு. கழுத்தில் கொஞ்சம் முறுக்கினால் பரவாயில்லை. வரைபடத்தைச் சுற்றிய சட்டகக்கோடு ஓரத்தை நோக்கிச் சரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

புதுத் துணியில் பழுப்புப் புள்ளி, நிழல், ஒட்டுக்கோடு

வாங்கியவர் கறை என்று திருப்பி அனுப்புவார். அது கறைதான், ஆனால் இருநூறு முந்நூறு வருடத்துக் கறை: ஈரமும் பூஞ்சையும் தாளில் போட்ட புள்ளிகள், நடுமடிப்பின் நிழல், நூலக முத்திரை, பின்பக்க மை கசிந்தது. காகிதத்தில் பழமையின் அழகாகத் தெரிவது பட்டில் டீ சிந்தியதாகத் தெரியும். ஃபைலில் துடைக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் துடைத்து வெள்ளை வெளேர் என்று ஆக்கிவிட்டாலும் உயிர் போய்விடும். தாளின் மெல்லிய ஏற்ற இறக்கத்தை விட்டுவைத்து, தனித்து நிற்கும் புள்ளிகளை மட்டும் எடுங்கள். முகத்தருகே, கட்டும்போது மேலே வரும் மூலைகளில் ஒரு புள்ளியும் வேண்டாம்.

பல தாள் வரைபடங்களில் ஒட்டுக்கோடு தனிப் பிரச்சினை. துர்கோ 20 தாள், லண்டனுக்கு ஜான் ரோக் 1746இல் வெளியிட்டது 24 தாள். செப்புத் தகட்டு அச்சுக்குத் தாளை ஈரமாக்கித்தான் அழுத்துவார்கள். காயும்போது ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். அதனால் பக்கத்துத் தாள்களைச் சேர்த்தால் ஒரு தெரு பொருந்தும், அடுத்தது பொருந்தாது. தேம்ஸ் கரை ஒரு படி இறங்கி மறுபடி தொடங்கும். முழுத் தாளை இழுத்துப் பொருத்த முயன்றால் மறுபக்க ஒட்டு கெடும். ஒட்டிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தூரத்துக்குள் மட்டும் வளைத்து, தெரு தெருவாகச் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலை. ஒட்டே வராத பகுதியைத் தேர்ந்தெடுப்பவர் புத்திசாலி: துர்கோவில் ஒரு தாளே சுமார் 50க்கு 80 செ.மீ., ஒரு தாளுக்குள்ளேயே ஸ்கார்ஃபுக்குப் போதுமான பாரிஸ் இருக்கிறது.

இளமஞ்சள் அடித்தளம் மஞ்சளாக, சாம்பலாக மாறிவிட்டது

மஞ்சள் பூசிய மாதிரி வந்திருந்தால்: திரையில் நீங்கள் பார்த்த இளமஞ்சள் வெள்ளைமேல் போட்டது, பட்டுக்கு ஏற்கனவே ஒரு தந்தச் சாயல் உண்டு. இரண்டும் கூடிவிட்டன. இளமஞ்சளின் ஆறு அளவுகளை ஒரே துண்டில் அச்சிட்டு, நீராவி, அலசல் முடிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் தேர்ந்தெடுங்கள். நீராவிக்கு முன் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது வீண். அதுவரை எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்.

சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அலசலில் நடந்த விபத்து. கோடுகளிலிருந்து கழன்ற, பிடிக்காத கறுப்பு, இளமஞ்சளில் போய் ஏறிவிட்டது. முதல் அலசல் குளிர்ந்த ஓடும் தண்ணீரில், துணியை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குவியலாக ஊறப்போட்டால் இப்படித்தான் ஆகும். கூடவே நீராவி போதாமல் இருந்திருக்கலாம். ஆசிட் டைக்கு 100 முதல் 102 டிகிரி நீராவியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும்; ரியாக்டிவுக்கு அதைவிடக் குறைவு. ஆரம்பத்தில் செய்யச் சொன்ன ஈரத்துணிச் சோதனையில் சாயம் ஒட்டினால் இந்தச் சந்தேகம் உறுதி.

துணி காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கிறதா? வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். தண்ணீர் வழவழப்பாகி விறைப்பு போனால் பசை மிச்சம், இன்னும் ஒருமுறை அலசினால் சரி. போகாமல் மேற்பரப்பும் மங்கலாக இருந்தால் டைக்குப் பதில் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் பிக்மென்ட் மை போட்டிருக்கிறார்கள்.

பின்பக்கம் வெளிறியிருக்கிறது

டிஜிட்டல் அச்சின் இயல்பு அது. மெல்லிய துணியில் குறையும், ட்வில்லில் அதிகம். ஊடுருவல் மருந்து சேர்த்தால் பின்பக்கம் எழும்பும், அதே வேகத்தில் எழுத்து பரவும். வரைபடத்துக்கு அந்தப் பேரம் வேண்டாம். வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓரக்கோடு நெளிகிறது

பழைய வரைபடங்களைச் சுற்றி ஒரு சட்டகக்கோடு ஓடும். அதை ஸ்கார்ஃபின் விளிம்போடு ஒட்டிவைத்தால் எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது. கையால் சுருட்டித் தைக்கும் ஓரம் 3, 4 மி.மீ. தடிமன், அதற்குள் ஒரு மி.மீ. கூடக் குறையப் போவது இயற்கை, பக்கத்தில் நேர்க்கோடு இருந்தால்தான் அது அம்பலமாகும். சட்டகத்தை விளிம்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. உள்ளே தள்ளுங்கள், வெளியே ஒரே நிறப் பட்டை. சுருட்டலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. கூடுதலாக அச்சிடுங்கள். ஹெர்மெஸ் முறையில் ஓரம் முன்பக்கமாகச் சுருட்டப்படும். பின்பக்க வெளிறல் ஓரத்தில் தெரியும் என்பதால் டிஜிட்டல் அச்சுக்கு நான் பின்பக்கமாகச் சுருட்டச் சொல்வேன்.

புடவைக்கு அடிக்கிற மாதிரி பீக்கோ அடித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்பார்கள். விலை பாதி. ஆனால் பட்டு ட்வில்லின் ஓரம் அலை அலையாக எழும்பும், நேர்த் தெருக்கள் ஓரத்தில் நெளியும். அதற்குப் பதில் மெஷினில் மெல்லியதாக மடித்தடிப்பது தேவலை.

வாங்கியவர் கையில் வரும் குறைகள்

தண்ணீர்த் துளி பட்ட இடத்தில் வளையம்: துளியை மட்டும் தேய்க்காதீர்கள். முழு ஸ்கார்ஃபையும் குளிர்ந்த தண்ணீரில் ஒரே சீராக நனைத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் காயவையுங்கள். பெரும்பாலும் போய்விடும். சென்ட் பட்ட கறை அவ்வளவு எளிதில் போகாது. ஆல்கஹால் சாயத்தையே நகர்த்தியிருக்கும். சென்ட் அடித்து உலர்ந்த பிறகு ஸ்கார்ஃப் கட்டுவதே வழி.

துவைக்கும்போது வழக்கமான சோப்புத்தூள் வேண்டாம். கறை நீக்க அதில் சேர்க்கும் என்ஸைம்களில் புரதத்தைச் சிதைப்பவை உண்டு, பட்டும் புரதம். குளோரின் பிளீச்சின் பக்கமே போக வேண்டாம். பட்டுப்புடவை பழக்கத்தில் பூந்திக்கொட்டை ஊறவைப்பவர்கள் கவனம்: அந்தத் தண்ணீரின் பழுப்பு இளமஞ்சள் அடித்தளத்தில் ஏறலாம். காரமில்லாத திரவச் சோப்பு, குளிர்ந்த தண்ணீர், இரண்டு நிமிடம்.

இஸ்திரி போட்ட இடம் பளபளக்கிறது என்றால் சூடு அதிகம், முன்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சற்றே ஈரமாக, பின்பக்கத்தில், குறைந்த சூட்டில். சுருட்டிய ஓரத்தின்மேல் பெட்டியை ஏற்றினால் தட்டையாகிவிடும், திரும்ப எழாது.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியதில் இளநீலமும் இளஞ்சிவப்பும் முதலில் மங்கும், கறுப்புக் கோடு நிற்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கேளுங்கள். வெயில் நிறத்தோடு நிற்காது, இழையையும் இற்றுப்போகச் செய்யும்.

மோதிரமோ ஊக்கோ இழுத்து ஒரு நூல் எழும்பியிருந்தால் வெட்டக் கூடாது. மெல்லிய ஊசியால் பின்பக்கம் இழுத்துவிட்டு, சுருங்கிய இடத்தை இரு பக்கமும் விரலால் நீவிவிடுங்கள்.

ஒரு குறையும் இல்லை

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. எழுத்துகூடக் கத்தி மாதிரி கூர்மை, பின்பக்கம் சுத்த வெள்ளை, நிறம் கண்ணைப் பறிக்கிறது, விலையோ பட்டுக்கு நம்ப முடியாத மலிவு என்றால், சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் அச்சிட்ட பாலியெஸ்டர் சாட்டினாக இருக்கலாம். அந்த முறை பட்டில் பிடிக்காது, பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தட்டின்மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் கரிப்பொடியாகும், தீயை எடுத்ததும் தானே அணையப் பார்க்கும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். மணி கிடைத்தால் பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.